பதினெட்டுப் பெண்களும் ஒரு கைநாட்டும்

எண்ணூர்ச் சவுக்குத் தோப்பின் கிணற்றிலிருந்து இறைத்த முதல் வாளித் தண்ணீரை அருள்பிரகாசம் குடிக்கவில்லை. முகர்ந்து பார்த்துவிட்டுக் கீழே கொட்டினார். இரண்டாவது வாளியிலிருந்து ஒரு கை அள்ளி நாக்கில் வைத்து, கண்ணை மூடி, அதிலிருந்த உப்பை மனத்துக்குள் நிறுத்துப் பார்த்தார். மூன்றாவது வாளியைத்தான் குடித்தார். பக்கத்தில் தலைமையாசிரியை சொக்கம்மாள் நின்றிருந்தார். அவர் கையில் ஒரு நோட்டுப்புத்தகமும் மூக்கின்மேல் கண்ணாடியும் இருந்தன. இரண்டையும் அவர் அவசரமின்றிப் பயன்படுத்துபவர் என்பது பார்த்தாலே தெரிந்தது.

"தண்ணி தேவலாம், டீச்சரம்மா" என்றார் அருள்பிரகாசம். "கக்கூசு எங்க கீது?"

"கிணத்துல இருந்து அறுபத்தஞ்சு தப்படி. நானே நடந்து அளந்தேன். நீங்களும் அளந்து பாக்கலாம்."

அளந்தார். அவர் காலுக்கு ஐம்பத்தொன்றுதான் வந்தது. தம் கால் நீளம் என்பதை மனத்துக்குள் ஒப்புக்கொண்டு மேலே நடந்தார்.

ராயபுரத்தில் அவரை அருள்பிரகாசம் என்று அழைப்பவர் மாதாகோயில் சாமியார் ஒருவரே. மற்ற எல்லாருக்கும் அவர் தண்டேல்: துறைமுகத்தில் கப்பலுக்கும் கரைக்கும் இடையே சரக்கு ஏற்றிப்போகும் தோணிக்குத் தலைவர், பன்னிரண்டு துடுப்புக்காரர்களுக்குச் சொல் அவருடையது. ஆணி அடிக்காமல் தேங்காய்நார்க் கயிற்றால் பலகையோடு பலகை தைத்த பழைய தோணி அது. ஒவ்வொரு நாளும் சரக்கு ஏறுவதற்கு முன், வெறுங்காலோடு அதன் அடிவயிற்றில் இறங்கி, கண்ணை மூடிக்கொண்டு தையல் தையலாகக் கால்விரலால் தடவிப் பார்ப்பார். விரலுக்கு ஈரம் தட்டினால் அன்றைக்குத் தோணி கிடையாது. மேலே நிற்பவன் துரையானாலும் சரி, துபாஷியானாலும் சரி. இருபத்திரண்டு வருஷங்களில் அவர் தோணியிலிருந்து கடல் ஓர் ஆளைக்கூடக் கொண்டதில்லை. இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. யாராவது சொல்லும்போது மறுத்ததுமில்லை.

அப்படிப்பட்டவர், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்தாம் வருஷத்துக் கோடையில், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ரயிலேறி எண்ணூருக்கு வந்ததற்குக் காரணம் அவருடைய மகள் சிலுவையம்மாள். வயது பதின்மூன்று. அவள் படிக்கும் பெண்கள் பள்ளியிலிருந்து பதினெட்டுப் பெண்களைப் பத்து நாள் எண்ணூரில் தங்கவைப்பது என்று ஏற்பாடு. கூடாரம், கயிறு முடிச்சு, அடிபட்டவர்க்குக் கட்டுப்போடுதல், காலையில் தேகாப்பியாசம், மாலையில் பாட்டு. இதற்குக் 'கேம்பு' என்று பெயர். பெண்பிள்ளை பத்து இரவு வெளியே படுப்பதற்கு ஒரு பெயர் உண்டு என்பதே தெருவுக்குப் புதிய செய்தியாக இருந்தது.

"இன்னா தண்டேலு, பொண்ண காட்டுக்கு அனுப்புறியாமே?" என்று கயிற்றுக்கடை ஷாகுல் ஹமீது கேட்டார். இருவரும் முப்பது வருஷச் சிநேகிதர்கள்; ஒருவரை ஒருவர் மரியாதையாகப் பேசி நாளாகியிருந்தது. "வெள்ளக்காரன் தன் நாயக் கூட பத்து நாளு கண்ண வுட்டு அனுப்ப மாட்டானே, பா."

"அதான் எம் பொண்ண அனுப்புறேன். நாயி இல்ல பாரு" என்றார் அருள்பிரகாசம்.

வெளியே இப்படி மடக்கிவிட்டு வந்தாரே ஒழிய, வீட்டில் அவர் மனைவி வியாகுலம்மாளை மடக்க முடியவில்லை. அவள் சங்கரா மீனைச் செதில் தேய்த்துக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னாள்: "போவக் கூடாதுனு நான் சொல்லல. உன் தோணியில ஒரு மூட்ட ஏத்துறதுக்கு எத்தினி தடவ எறங்கிப் பாக்குற? இங்க ஏத்தப் போறது மூட்ட இல்ல. போயி எறங்கிப் பாத்துட்டு வா. அப்பால பொட்டி கட்டுறேன்." அதோடு, தான் கேட்டுவரச் சொன்னவற்றையும் சொன்னாள். எழுதத் தெரியாத இருவருக்கிடையே அந்தப் பட்டியல் வாய்வழியாகவே கைமாறியது.

ஆகவே அவர் சுற்றினார். கேம்புக்கென்று கொடுத்திருந்தது ஒரு வியாபாரியின் பழைய பங்களா. கடலுக்கும் உப்பங்கழிக்கும் நடுவே நின்றது. படுக்கும் கூடத்தின் கதவுகளை உள்ளிருந்து தாளிட்டுப் பார்த்தார், ஒரு தாழ்ப்பாள் ஆடியது, காட்டினார், சொக்கம்மாள் குறித்துக்கொண்டார். சமையற்காரியின் கைநகத்தைப் பார்த்தார், அந்த அம்மாள், "பொண்ணு பாக்க வந்தியா, கேம்பு பாக்க வந்தியா?" என்று கேட்டுவிட்டு இரண்டு கைகளையும் நீட்டினாள். தோப்பில் உதிர்ந்து கிடந்த சவுக்கு முள்ளைக் குச்சியால் கிளறி, பாம்புக்கு இது மெத்தை என்றார். பங்களாவைச் சுற்றி முப்பது அடிக்குக் கூட்டிவிட ஆள் சொல்லியாயிற்று என்றார் ஆசிரியை. ராத்திரிக்குக் காவல் யார் என்று கேட்டார்.

"ஒரு கிழவர் இருந்தார். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல அவரையே ஒருத்தர் காவல் காக்க வேண்டியிருந்தது. நிறுத்திட்டேன். இப்போ புருஷனும் பெண்டாட்டியுமா ஒரு குடும்பம். குடிக்கறதில்லை. ரெண்டு நாள் ராத்திரி சொல்லாம வந்து பாத்துட்டேன்."

"ஆம்பளைங்க யாராச்சும் உள்ள வருவாங்களா?"

"வரமாட்டாங்க. நீங்களும் நாலு மணி ரயிலுக்குக் கிளம்பிடணும்."

அருள்பிரகாசம் தலையசைத்தார். ஏதாவது ஒன்று பழுதாக இருக்கும் என்ற எண்ணத்தோடு வந்தவர் அவர். பழுது கிடைக்காதபோது சிலருக்கு ஏமாற்றம் வரும். அவருக்கு வந்தது மதிப்பு. கூடத்து மூலையில் மருந்துப்பெட்டி இருந்தது. ஸ்டேஷன் மாஸ்டரிடம் சொல்லிவைத்திருந்தார்கள். தந்தி போனால் அடுத்த ரயிலில் டாக்டர் வருவார். ஆறு பெண்களுக்கு ஓர் ஆசிரியை. காலை, உச்சி, மாலை, படுக்குமுன் என்று நான்கு வேளை தலை எண்ணுவார்கள். இந்த அம்மாளுக்குத் தோணி ஓட்டத் தெரியாது என்பது உண்மையே. ஆனால் இவரிடம் ஒரு தோணியைக் கொடுத்தால் அது கரையில் பத்திரமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். அவரிடமிருந்து அது பெரிய பாராட்டு.

கடைசியாகக் கழிக்கரைக்கு வந்தார்கள். பெண்கள் குளிக்கும் துறை. வெயிலில் தண்ணீர் தகடு போல் கிடந்தது. கோடையில் அந்தக் கிணறு குடிக்கவும் சமைக்கவும்தான் ஊறும். பதினெட்டுப் பேர் பத்து நாள் குளிக்கக் கழியைத் தவிர வேறு வழியில்லை என்பதை ஆசிரியை மறைக்கவில்லை. அருள்பிரகாசம் முழங்கால்வரை இறங்கி நடந்து பார்த்தார். மணல் கெட்டி. பதினைந்து தப்படிக்கப்பால் சட்டென்று சரிவு. கடலுக்குத் திறக்கும் வாய் அருகில் இருந்ததால் உள்ளிழுப்பும் லேசாகத் தெரிந்தது. வியாகுலம்மாளின் பட்டியலில் இல்லாத கேள்வியை அவர் அங்கே நின்று கேட்டார். அவருடைய கேள்வி அது ஒன்றுதான்.

"இதோ பாருங்க டீச்சரம்மா. புடிச்சிக்கக் கயிறு கட்டுவீங்க, எண்ணுவீங்க, எல்லாம் சரி. அப்பிடியும் ஒரு கொயந்த சறுக்கி ஆழத்துக்குப் போயிட்டா, யாரு எறங்குவா? உங்க மூணு பேருக்கும் நீச்சல் தெரியுமா?"

"தெரியாது."

"சமையக்காரம்மா?"

"தெரியாது."

"அப்பால?"

சொக்கம்மாள் நோட்டைப் புரட்டினார். "ஸ்கூல் இன்ஸ்பெக்டரம்மா அனுமதிக் கடிதத்துலயே போட்டிருக்காங்க. நீந்தத் தெரிஞ்சவங்க ஒருத்தராவது கூட இருந்தாத்தான் கழியில குளிக்கலாம். இல்லேன்னா கேம்பே கிடையாது. நல்ல வேளையா, ஒருத்தி இருக்கா. வெளிமுனையில அவளைத்தான் நிறுத்தப் போறேன். கயித்துக்கு அந்தப் பக்கம்."

"யாரு?"

"சிலுவையம்மாள். உங்க பொண்ணு."

முதலில் அருள்பிரகாசத்துக்கு நெஞ்சு விம்மியது. அதை மறைக்காமல் சொல்ல வேண்டும்: ஒரு மூச்சு இழுத்து விடும் நேரத்துக்கு, பதினேழு பேர் பெற்ற பெண்களுக்குத் தம் பெண் காவல் நிற்கப் போகிறாள் என்ற நினைப்பில் அவர் தோள் உயர்ந்தது. அதற்குப் பிறகுதான் சம்மதப் பத்திரம் நினைவுக்கு வந்தது.

சித்திரைக் கடைசியில் பள்ளியிலிருந்து வந்த அச்சுத் தாள் அது. சிலுவையம்மாள் கேள்விகளை வாசித்தாள், அவர் பதில் சொன்னார், அவளே எழுதினாள். அம்மை குத்தியிருக்கிறதா? குத்தியிருக்கிறது. வலிப்பு உண்டா? இல்லை. தூக்கத்தில் நடக்கும் வழக்கம் உண்டா? இதற்கு வியாகுலம்மாள் அடுப்படியிலிருந்து, "முயிச்சிகினு கீறப்பவே நடக்க மாட்டா, சோம்பேறி" என்றாள். நீந்தத் தெரியுமா என்று வாசித்துவிட்டு, பேனாவை மையில் தோய்த்துக்கொண்டு மகள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் சிரித்தார்.

"இத்தப் போயி ஒரு கேள்வினு அச்சடிச்சிகிறாங்க பாரு. அதுவும் தண்டேல் வூட்ல வந்து. தெரியும்னு எழுதும்மே."

"நைனா..."

"எழுது. மை காயப் போவுது."

எழுதினாள். கீழே அவர் கட்டைவிரலை உருட்டி வைத்தார். ரேகை ஒன்றுகூடக் கலையவில்லை.

இப்போது முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு அவர் தேடினார். சிலுவையம்மாள் கடலில் இறங்கிய ஒரு நாளை நினைவுக்குள் தேடினார். அலை விளிம்பில் ஓடியது கிடைத்தது. கிளிஞ்சல் பொறுக்கியது கிடைத்தது. தோணி வந்து ஒதுங்கும்போது கயிறு பிடித்தது கிடைத்தது. தலை நனைய அவள் தண்ணீரில் கிடந்த ஒரு நாள் கிடைக்கவில்லை. அவர்கள் தெருவில் ஆண்பிள்ளைகளுக்கு நீச்சலை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. ஐந்து வயதில் கட்டுமரத்திலிருந்து மாமனோ சித்தப்பனோ பிடித்துத் தள்ளுவான், பாடம் முடிந்தது. பெண்பிள்ளைகளுக்கு அந்தத் தள்ளலும் கிடையாது. பாவாடை கட்டத் தொடங்கியதும் விளிம்பைத் தாண்டாதே என்று ஒரு குரல் கூப்பிடும். எந்த வீட்டிலிருந்து வந்தாலும் அந்தக் குரலுக்குக் கீழ்ப்படிய வேண்டும். கடலைப் பார்த்த வாசல், கடலில் உழைக்கும் தகப்பன், கடல்மீன் விற்கும் தாய் என்று இவ்வளவும் இருக்க, பெண்ணுக்கு நீந்தத் தெரியுமா என்று யாரும் யாரையும் கேட்டதில்லை. ஜனத்துக்குத் தெரிந்தது பிள்ளைக்குத் தெரியாமல் இருக்குமா என்று இருந்துவிட்டார்கள். அவரும் இருந்துவிட்டார்.

"மத்த பத்திரத்துல எல்லாம் இன்னா எழுதிகிறாங்க?" என்று கேட்டார்.

"பதினேழு பேரும் தெரியாதுன்னு எழுதியிருக்காங்க. பாதிப் பேர் உங்க துறைமுகத்து ஆளுங்கதான்."

அருள்பிரகாசம் கரையேறினார். எல்லாம் திருப்தி என்றார்; புறப்படுகிறேன் என்றார். ஆசிரியை கைகூப்பினார். பத்திரத்தில் இருந்தது பொய் என்பதை மட்டும் விட்டுவிட்டார். சொன்னால் கேம்பு இல்லை. கட்டின பெட்டிகளெல்லாம் அப்படியே அவிழும். தெரு முழுவதும் தண்டேலின் பொய்யால் நின்றது என்று பேசும். அவர் மகள் அந்தப் பேச்சின் நடுவே பள்ளிக்கு நடந்து போவாள். சொல்லாவிட்டால், கயிற்றுக்கு அந்தப் பக்கம் அவள் நிற்பாள்.

ஸ்டேஷனுக்குப் போகும் ஒற்றையடிப் பாதை கழியை ஒட்டியே போயிற்று. கொஞ்ச தூரத்தில் நாலைந்து பெண்கள் கழுத்தளவு தண்ணீரில் நின்று, பல்லில் பனையோலைப் பறிக்கூடையைக் கடித்துக்கொண்டு, அடிச் சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கடலில் போகிறவர்களுக்குக் கழியில் தடவுகிறவர்கள் என்றால் கொஞ்சம் இளப்பம். அந்த இளப்பம் அருள்பிரகாசத்துக்கும் உண்டு. எப்போதும் பார்க்காமல் போய்விடுவார். அன்று நின்றார். அவர்களில் ஒருத்தி முழுகினாள். அவர் தம்மையறியாமல் எண்ணத் தொடங்கினார். நாற்பதைத் தாண்டியும் தலை வரவில்லை. ஐம்பத்திரண்டில், இருபது முழத்துக்கப்பால், பறியும் தலையும் சேர்ந்து எழும்பின. அவளை ஒட்டி ஏழெட்டு வயதுப் பெண் ஒன்று நாய்க்குட்டி போல் நீந்தி வந்தது.

"அது உம் பொண்ணாம்மே?" என்று கரையிலிருந்து கேட்டார்.

அவள் பறியை வாயிலிருந்து எடுத்தாள். "பின்ன, உம் பொண்ணா?"

மற்றவர்கள் சிரித்தார்கள்.

"எப்போ நீச்சல் கத்துது?"

"இத்த இன்னா பள்ளிக்கூடத்துலயா வெக்கிறாங்க? நான் எறங்கனப்போ இடுப்புல இருந்திச்சி. அப்பால எறங்கிகிச்சி." அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "நீ இன்னா ஊரு?"

"ராயபுரம். தண்டேலு."

"கடல்காரரா? அதான் கரையில நின்னுகினு கீற." மறுபடியும் சிரிப்பு. அதன் நடுவிலேயே அவள் கேட்டாள், கிண்டலாகத்தான் கேட்டாள்: "உங்க பொண்ணுங்க நீஞ்சுமா, தண்டேலு?"

தோணித் துறையில் யாராவது இதைக் கேட்டிருந்தால் என்ன பதில் வந்திருக்கும் என்பது அவருக்குத் தெரியும். அந்தப் பதில் நாக்கு நுனியில் தயாராகவே இருந்தது. தூரத்தில் நாலு மணி ரயில் ஊதியது.

"இல்லம்மே" என்றார். "நீஞ்சாது."

சொன்ன பிறகு இரண்டாம் முறை சொல்வது அவ்வளவு கஷ்டமாக இல்லை. அவள் பெயர் சிவந்தி என்று தெரிந்துகொண்டு, நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லி, கூட வரச் சொன்னார். "உன் ஒருத்தன் வாய்க்கு நான் இன்னாத்துக்கு நடக்கணும்?" என்று கேட்டுக்கொண்டே அவள் சேலையைப் பிழிந்துகொண்டு பின்னால் நடந்தாள்.

சொக்கம்மாள் பங்களாவைப் பூட்டிக்கொண்டிருந்தார். அருள்பிரகாசம் வெயிலிலேயே நின்று, தலைத்துணியை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்.

"டீச்சரம்மா, எல்லாத்தையும் பாத்தேன். ஒண்ணு சரியில்ல. அந்தப் பத்திரத்துல எங்கைநாட்டு பொய்யி. எம் பொண்ணுக்கு நீச்சல் தெரியாது. தெரியும்னு அவ சொல்லல, நான் சொன்னேன்."

ஆசிரியை நோட்டைத் திறந்து ஒரு பெயரின் மேல் கோடு கிழித்தார். நேர்க்கோடு. பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்: "பதினெட்டுப் பேர் கைநாட்டோ கையெழுத்தோ போட்டு அனுப்பியிருக்காங்க. இது வரைக்கும் நேர்ல வந்து பாத்தது நீங்க ஒருத்தர்தான். திரும்பி வந்ததும் நீங்கதான்."

அது புகழ்ச்சியா, கணக்கா என்பது அவர் குரலிலிருந்து தெரியவில்லை. பிறகு சிவந்தியைப் பார்த்தார். அருள்பிரகாசம் அவளுக்காகப் பேச வாயெடுத்தார். ஆசிரியை கையைக் காட்டி நிறுத்தினார். சாட்சி வேண்டாம் என்பது போல், பைக்குள்ளிருந்து தாம் தண்ணீர் குடிக்கும் பித்தளைச் செம்பை எடுத்துக்கொண்டு துறைக்கு நடந்தார். சரிவுக்கு அப்பால், ஆழம் கறுத்திருந்த இடத்தில் அதை வீசினார். பள்ளிக்கூடத்து அம்மாளின் கை அவ்வளவு தூரம் வீசும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

"எடுத்துக் குடும்மா."

சிவந்தி செம்பு விழுந்த இடத்தைப் பார்த்தாள், ஆசிரியையைப் பார்த்தாள். "தண்டேலு, இந்தம்மா உன்ன வுட மோசம்" என்று சொல்லிவிட்டு இறங்கினாள். இரண்டாம் முறை முழுகியபோது செம்பு வந்தது. உள்ளே இரண்டு இறாலும் இருந்தன. அவள் அதைக் கொடுக்கும்போது, இறாலை மட்டும் எடுத்துப் பறியில் போட்டுக்கொண்டாள்.

"பத்து நாளும் காலைல ஒரு மணி நேரம் வரணும்" என்றார் சொக்கம்மாள். "காவல் மட்டும் இல்ல. பதினெட்டுப் பேருக்கும் சொல்லித் தரணும்."

"சொல்லித் தர்றதுனா எனக்குத் தெர்யாது. எறங்கச் சொல்லு, நான் கூட நிக்கறேன். எம் பொண்ணையும் இட்டாருவேன். அது அதுங்களோட கஞ்சி குடிக்கும். சரினா சொல்லு."

சரி என்று நோட்டில் எழுதப்பட்டது.

அவர் ஏழு மணி ரயிலில் வீடு திரும்பினார். வியாகுலம்மாளிடம் கிணற்றிலிருந்து தாழ்ப்பாள்வரை எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். கடைசியில் இதையும் சொன்னார். அவள் திட்டுவாள் என்று நினைத்திருந்தார். அவள் மகளைத்தான் பார்த்தாள்.

"அதானா? பதினஞ்சு நாளா விடிகாத்தால எழுந்து தண்ணித் தொட்டியில தலைய வுட்டுகினு கெடக்குறா. கேட்டா வேர்க்குதுனு சொல்றா. தல காயறதில்ல."

சிலுவையம்மாள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அருள்பிரகாசம், "இன்னாத்துக்கும்மே?" என்றார்.

"எண்ணிகினு முழுகிப் பாத்தேன் நைனா. முப்பது வரைக்கும் வந்துட்டுது." திரும்பி அவரைப் பார்த்து, "நீ பொய் சொல்ல மாட்டியே. அதான், கேம்புக்குள்ள நெசமாக்கிடலாம்னு பாத்தேன்" என்றாள்.

அவர் தலைத்துணியைச் சுற்றிக்கொண்டார். வெளியே போய், ஷாகுல் ஹமீதின் கடையில் புதுக் கயிறு எண்பது முழம் வாங்கி வந்து, மிதப்பதற்காக முழத்துக்கு ஒன்றாகத் தேங்காய் மட்டை கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். இது எதற்கு என்று கேட்ட ஷாகுல் ஹமீதிடம், "எம் பொண்ணுக்கு நீச்சல் தெரியாது, அதுக்கு" என்றார்.

கேம்பின் ஆறாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பெற்றோர் பார்க்க வரலாம்; ஆனால் மாலையில்தான். அருள்பிரகாசம் முதற்பூசை முடிந்த கையோடு ரயிலேறிவிட்டார். குளிக்கும் வேளையில் ஆண்கள் துறைப்பக்கம் வரக்கூடாது என்பது விதி. அந்த விதி இருக்கிறதா என்று கேட்டு உறுதிசெய்துகொண்டவரே அவர்தான். ஆகவே சுற்றிக்கொண்டு கழியின் எதிர்க்கரைக்குப் போய், உப்பளத்து வரப்பில் நின்றார். நெடுந்தூரம். தண்ணீர்மேல் ஒரு கோடு போல் கயிறு தெரிந்தது. அதில் வரிசையாகக் கறுப்புப் புள்ளிகள். வெளிமுனையில் கழுத்தளவில் ஒருத்தி, சிவந்தியாகத்தான் இருக்கும். கரையில் வெள்ளைச் சேலையில் ஓர் உருவம், கையில் நோட்டோடு.

உப்பு வாரிக்கொண்டிருந்த ஒருவன் கருவியை ஊன்றிக்கொண்டு அவர் பக்கத்தில் வந்து நின்றான். "பள்ளிக்கூடத்துப் பொண்ணுங்க. தெனம் இந்த நேரத்துக்கு எறங்குதுங்க. ஒரு கூத்து கேட்டியா? ராயபுரத்துத் தண்டேல் ஒருத்தன், எம் பொண்ணுக்கு நீச்சல் தெரியாதுனு தானா வந்து சொல்லிட்டுப் போனானாம். சிவந்தி ஊரெல்லாம் சொல்லிகினு கீறா. தண்டேல் வாயால அது வருமா, நீயே சொல்லு."

"வரும்" என்றார் அருள்பிரகாசம். வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு நிமிர்ந்து நின்றார். "அந்தத் தண்டேல் நாந்தான்."

உப்பளத்துக்காரன் அவரை ஒரு முறை பார்த்தான். சிரிக்கலாமா என்று யோசித்து, அந்த முகத்தைப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று முடிவுசெய்தான். "அப்ப, இதுல உன்னுது எது?" என்று கேட்டான்.

அருள்பிரகாசம் கையைக் கண்ணுக்கு மேல் வைத்துப் பார்த்தார். மூடுபனியில் துடுப்புச் சத்தத்தைக் கொண்டே பன்னிரண்டு ஆட்களையும் பெயர் சொல்லக்கூடியவர் அவர். நனைந்த பதினெட்டுத் தலைகளும் அவருக்கு ஒன்றாகவே இருந்தன. இடமிருந்து எண்ணினார், வலமிருந்து எண்ணினார். அப்போது கயிற்றின் நடுவே ஒரு கை தளர்ந்தது. பிறகு இன்னொரு கை. தலை ஒன்று காணாமல் போயிற்று; மற்றப் பதினேழும் ஒரே பக்கம் திரும்பின. கரையில் வெள்ளைச் சேலை அசையவில்லை. வெளிமுனையில் நின்றவள் கையை நீட்டவில்லை, பார்த்துக்கொண்டிருந்தாள்.

கயிற்றிலிருந்து ஆறேழு முழத்துக்கப்பால், ஒன்றும் பிடிக்காமல், ஒருவர் கையும் படாமல், அந்தத் தலை தண்ணீரைத் துப்பிக்கொண்டு எழும்பியது.